கொக்கு ஏன் சுண்ணாம்புக் கட்டி ஆகிறது? – வாசகர் கேள்வி, கேமரா பதில்

இந்த முறை தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்து வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் செட்டிங் எண்கள் தொடங்குவதற்குத்தான். ஒரு படம் எடுத்து, திரையில் பார்த்து, அங்கிருந்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

உழவு ஓடும்போது டிராக்டருக்குப் பின்னால் வரும் கொக்குகளை எடுக்கிறேன். வயல் நன்றாக வருகிறது. கொக்கு மட்டும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துப்போகிறது, ஓர் இறகுகூடப் பிரிந்து தெரியவில்லை. லென்ஸ் 70–300. – வாசகர், மன்னார்குடி

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்துவிட்டது. அதற்குக் கொக்கும் தெரியாது, சேறும் தெரியாது. ஃபிரேமில் உள்ளதை எல்லாம் சேர்த்துக் கலக்கினால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. உங்கள் ஃபிரேமில் முக்கால்வாசி கறுத்த சேறு. அதைச் சாம்பலாக்க கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஓரமாக நிற்கும் கொக்கு அந்தக் கூடுதல் வெளிச்சத்தில் எரிந்துபோகிறது.

அபெர்ச்சர் மோடில் (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும்) எடுப்பவரானால், கேமராவின் வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-க்குக் கொண்டுபோங்கள். கறுத்த சேறு, காலை வெயில், கொக்கு சிறிதாக என்றால் மைனஸ் 1.3 வரைகூடப் போகலாம். அதே கொக்கு ஃபிரேமை அடைத்துக்கொண்டு நின்றால் கதை தலைகீழ்: இப்போது மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், பிளஸ் 0.7 வைக்க வேண்டியிருக்கும். கொக்கு பறந்து பறந்து இடம் மாறும்போது இந்தப் பிளஸ், மைனஸ் விளையாட்டுக்கு நேரம் கிடைக்காது. அதனால் எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் மேனுவல் மோடே நல்லது. வெயில் மாறாதவரை கொக்கின் மேல் விழும் வெளிச்சமும் மாறாது. பின்னால் சேறு இருந்தாலும் நாற்று இருந்தாலும் அதே செட்டிங் செல்லும். தெளிந்த வானம், காலை எட்டு மணி, சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் என்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸ் துளை) 6.3, ஷட்டர் வேகம் 1/2500 நொடி என்று தொடங்குங்கள். பறக்கும் இறக்கை உறைந்து நிற்கவும் இந்த வேகம் போதும்.

கேமராவில் ஹைலைட் அலர்ட் என்றோர் அமைப்பு உண்டு. எரிந்துபோன பகுதி திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். கொக்கின் முதுகு சிமிட்டினால் ஷட்டர் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலாக எடுத்தால் கொஞ்சம் மீட்கலாம். ஜேபெக்கில் எரிந்தது எரிந்ததுதான். மடையான் என்னும் குளத்துக் கொக்கில் தொடங்கிப் பழகுவதும் ஒரு வழி. உட்கார்ந்திருக்கும்போது அது மண் நிறம், மீட்டருக்குச் சண்டையே இல்லை. எழுந்து பறந்தால்தான் வெள்ளை இறக்கையைக் காட்டும்.

பெரிய கோயிலை எத்தனை முறை எடுத்தாலும் விமானம் பின்பக்கம் சாய்ந்தது போலவே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவாக்கில் போவோம். ட்ரைபாட் கொண்டு போகலாமா? – வாசகி, கும்பகோணம்

முதலில் நேரம். பதினொரு மணிக்கு வெயில் உச்சியில் இருந்து விழும். சிற்பத்தின் நிழல் கீழே சுருங்கி, கல் தட்டையாகிவிடும். கோயில் கிழக்கு பார்த்தது. காலை எட்டு மணிக்குள் போனால் வாயிலில் நுழையும்போதே சூரியன் உங்கள் முதுகில், வெளிச்சம் விமானத்தின் முகத்தில். மாலையில் அதே இடத்தில் நின்றால் விமானம் நிழலுருவம்தான். அந்த நேரத்துக்கு மேற்குப் பிராகாரம். ஐந்து மணிக்கு மேல் சுப்ரமணியர் சன்னதியை முன்னால் வைத்து விமானத்தைப் பார்த்தால் கல் தேன் நிறத்துக்கு வந்திருக்கும்.

சாய்வுக்குக் காரணம் நீங்கள் கேமராவை அண்ணாந்து பிடிப்பது. கேமரா தரைக்கு நேராக நிமிர்ந்து இருந்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே வரும். விமானம் ஏறத்தாழ 66 மீட்டர். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில், கேமராவை நெடுக்கில் திருப்பி, சாய்க்காமல் உச்சிக் கலசம் வரை அடக்க ஏறக்குறைய 100 மீட்டர் பின்னால் போகவேண்டும். முற்றம் கிழக்கு மேற்காக 240 மீட்டர் சுமார் இருப்பதால் கிழக்குப் பக்கம் அதற்கு இடம் உண்டு. நேர் அச்சில் நந்தி மண்டபம் மறைக்கும், பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளுங்கள். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வரும். வீட்டுக்கு வந்து வெட்டிவிடலாம். மேற்குப் பக்கம் அவ்வளவு தூரம் இல்லை. அங்கே முழு விமானத்துக்கு ஆசைப்படாமல் இரண்டு மூன்று தளங்களை மட்டும் எடுப்பது மேல். போனில் திரைக் கட்டங்களைப் போட்டு, விமானத்தின் நடுக்கோட்டைக் கட்டத்தோடு பொருத்துங்கள். மிக அகலமாகக் காட்டும் அல்ட்ரா வைடை மட்டும் தொடாதீர்கள், சாய்வை இரட்டிப்பாக்கும்.

தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுப்பதற்குத் தடையில்லை, கருவறை தவிர. அந்தி நேரத்தில் கேமராவைத் திண்ணையில் வைத்து, அடியில் மடித்த துண்டைக் கொடுத்து, 2 நொடி டைமரில் விட்டால் 1/4 நொடிப் படமும் அசையாது. தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இதே விதிதான். அங்கெல்லாம் தெற்குச் சுவர்ச் சிற்பங்களை மார்கழி, தை காலையில் போய்ப் பாருங்கள். சூரியன் தென்கிழக்கில் எழுந்து சுவரை உரசிக்கொண்டு அடிக்கும், செதுக்கல் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். ஆனி, ஆடி காலையில் அதே சுவர் நிழலில் கிடக்கும்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. பீரோவில், தோல் பையில்தான் பத்திரமாக வைத்திருந்தேன். அரிசி டப்பாவுக்குள் வைத்தால் ஈரம் போகும் என்கிறார்கள். – வாசகர், திருத்துறைப்பூண்டி

அது பூஞ்சை. பத்திரம் என்று நினைத்த தோல் பைதான் அதற்குச் சோறு போட்டிருக்கிறது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பீரோவில் காற்றோட்டம் கிடையாது, வெளிச்சமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கத்து வீடுகளுக்குள் காற்றின் ஈரப்பதம் வாரக்கணக்கில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் நிற்கும். 65-ஐத் தாண்டி நீடித்தாலே பூஞ்சைக்குப் போதும்.

எவ்வளவு பரவியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்க்கவேண்டும். தனித்தனிப் புள்ளி என்றால் தூசி, விட்டுவிடலாம். ஒரு மையத்திலிருந்து நூல் நூலாகக் கிளைத்தால் பூஞ்சை. பால் ஊற்றியது போல் ஒரே மங்கல் என்றால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கலாம். ஓரத்தில் சிறு பூஞ்சை என்றால் படத்தில் அநேகமாகத் தெரியாது. வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது மட்டும் படம் வெளிறும். கண்ணாடியின் பூச்சை அது அரிக்கத் தொடங்கிவிட்டால் துடைத்தாலும் தடம் நிற்கும், அதனால் சர்வீஸுக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். யூடியூப் பார்த்து நீங்களே ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். கண்ணாடிகளின் இடைவெளி இம்மி பிசகினால் ஒரு பக்கம் ஃபோகஸ், ஒரு பக்கம் மங்கல் என்றாகிவிடும்.

அரிசி வேண்டாம். ஈரத்தை ஓரளவு இழுக்கும், ஆனால் மாவுத்தூளையும் கொடுக்கும். அந்த மாவும் பூஞ்சைக்குத் தீனிதான். அந்துருண்டையும் கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

செய்யவேண்டியது இது. ரப்பர் வளையமும் நான்கு பக்கம் கிளிப்பும் உள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே வைக்கச் சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்று, சிலிக்கா ஜெல் 250 கிராம். ஜெல்லை அப்படியே கொட்டாமல் மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து போடுங்கள், இல்லாவிட்டால் அதன் பொடி லென்ஸில் ஏறும். ஈரமானி 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் சரி. 30-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். அளவு மீறிக் காய்ந்தால் லென்ஸின் ரப்பர்ப் பிடிமானத்துக்கும் உள்ளிருக்கும் மசகுக்கும் ஆகாது. 55-ஐத் தாண்டினால் ஜெல் நிறைந்துவிட்டது. நீல ஜெல் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். 110, 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். ஓவன் இல்லாதவர்கள் பழைய இரும்புச் சட்டியில் சிறுதீயில் கிளறலாம். ஆனால் அந்தச் சட்டி மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது. நீல ஜெல்லில் இருப்பது கோபால்ட் உப்பு, நஞ்சு. வாங்கும்போதே ஆரஞ்சாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். தீயைக் கூட்டினால் மணிகள் கருத்துச் செத்துப்போகும்.

அலமாரியில் ஜீரோ வாட்ஸ் பல்பை எரியவிடும் பழைய வழக்கமும் அறிவியல்தான். காற்று சூடானால் ஒப்பு ஈரப்பதம் குறையும். ஆனால் மின்சாரம் நின்ற இரவு ஈரம் திரும்பிவிடும். பெட்டி எதுவானாலும் வாரம் ஒரு முறை கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைச் சுத்தம் செய்யும்வரை தனி டப்பாவில் வையுங்கள்.

நடவு வயலில் வானம் கண்ணாடி மாதிரித் தெரியும் படங்களைப் பார்க்கிறேன். நான் போகும்போது வெறும் பச்சைதான் இருக்கிறது. போலரைசர் ஃபில்டர் வாங்கினால் வருமா? – கல்லூரி மாணவி, நீடாமங்கலம்

வராது. போலரைசர் பிரதிபலிப்பை அழிப்பதற்கு. உங்களுக்கு அது எதிரி. வேண்டியது நாள்காட்டி.

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து முன்பின்னாகும். கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து, சேறடித்து, பரம்படித்து, நடவுக்கு முன் தண்ணீர் கட்டி நிற்கும் இரண்டு மூன்று நாள்தான் முழுக் கண்ணாடி. நட்ட பிறகு பத்துப் பதினைந்து நாள் வரை நாற்றுக்கு இடையில் வானம் தெரியும். தூர் வெடித்துவிட்டால் மூடிக்கொள்ளும். குறுவையைத் தவறவிட்டவர்களுக்கு ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு இருக்கிறது, அப்போது மேகமும் கூடுதல்.

காலை ஏழுக்குள் போங்கள், காற்று எழுந்தால் கண்ணாடி உடையும். வரப்பில் நின்று எடுத்தால் தண்ணீர் ஒரு கோடுதான். குந்தி உட்கார்ந்து, போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். தூரத்துத் தென்னை வரிசை முழுதாக உள்ளே இறங்கும். தண்ணீரில் தெரியும் வானம் நிஜ வானத்தைவிடக் கொஞ்சம் இருட்டு. அதனால் மேல் வானத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுங்கள். வரப்பு புதிதாக அண்டை வெட்டிப் பூசியதாக இருந்தால் மிதிக்காதீர்கள். உடைந்தால் வயல்காரருக்குத் தண்ணீர் போய்விடும்.

நடவு ஆட்களை எடுக்க வேண்டுமென்றால் “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று வரப்பிலிருந்தே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குனிந்து நடுபவர்களைப் பின்னாலிருந்து எடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை விடவேண்டும். பக்கவாட்டில் நாற்று முடிச்சைப் பிரிக்கும் கைகளை எடுங்கள்.

பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் பெரிய நிலா வருவது போல எடுக்க எத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும்? – வாசகர், தஞ்சாவூர்

நிலாவின் அகலம் வானத்தில் அரை டிகிரி. தூரத்தை 110-ஆல் வகுத்தால் கோயில் இருக்கும் இடத்தில் நிலா எத்தனை மீட்டரை அடைக்கும் என்று கிடைக்கும். 1 கிலோமீட்டர் தள்ளி நின்றால் 9 மீட்டர், அதாவது விமான உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. 2 கிலோமீட்டர் என்றால் 18 மீட்டர். அருகில் நின்று ஜூம் செய்தால் இந்த விகிதம் மாறாது, தூரம் மட்டுமே மாற்றும்.

உதயமாகும் நிலா கிழக்கில் என்பதால் நீங்கள் கோயிலுக்கு மேற்கே இருக்கவேண்டும். சரியாக மேற்கே அல்ல: மார்கழிப் பௌர்ணமி வடகிழக்கில் எழும், எனவே தென்மேற்கே மொட்டைமாடி தேடவேண்டும். ஆனிப் பௌர்ணமிக்கு வடமேற்கே.

பௌர்ணமி அன்று போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அன்று நிலா விமான உயரத்துக்கு ஏறி வருவதற்குள் இருட்டிவிடும், கோயில் கறுப்பு, நிலா வெறும் வெள்ளை வட்டம். முந்தைய நாள் நிலா ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக எழும். சூரியன் மறையும் தறுவாயில் கோயிலிலும் வெளிச்சம், நிலாவிலும் விவரம். நிலா நன்கு மேலேறியபின் தனியாக எடுக்க ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/125.

300 லென்ஸ் போதுமா, கோடியக்கரை பூநாரைக்கு? – வாசகர், பட்டுக்கோட்டை

தனிப் பறவை முகத்துக்குப் போதாது. 1.3 மீட்டர் உயரப் பூநாரை 200 மீட்டரில் நின்றால், சிறிய சென்ஸார் கொண்ட கிராப் சென்ஸார் கேமராவில் படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரும். கூட்டத்தைக் கோடாக வைத்து எடுங்கள், அதற்கு 300 நிறைவு. வெளிமானுக்கும் போதும். ஒன்பது மணிக்கு மேல் சதுப்புத் தரையிலிருந்து கானல் எழும். பிறகு எந்த விலை லென்ஸும் கூர்மை தராது, ஃபோகஸ் பிரச்சினை என்று கேமராவைத் திட்டவேண்டாம். பருவம் ஐப்பசி முதல் மாசி வரை. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் வடுவூர் ஏரி இருக்கிறது. கரையிலிருந்தே பறவை கிட்டத்தில் வரும்.

ஏசி காரில் போகிறவர்களுக்கு ஒன்று: குளிர்ந்த கேமராவைக் கடலோரக் காற்றில் எடுத்ததும் லென்ஸ் வியர்க்கும். இறங்குவதற்கு அரை மணி முன்பே ஏசியை நிறுத்துங்கள், அல்லது பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி வெளியில் வையுங்கள். துடைத்தால் மறுபடி வியர்க்குமே தவிர நிற்காது.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதை எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. பிளாஷ் வேண்டுமா? – வாசகர், பாபநாசம்

கூடாது. உருகிய உலோகமே விளக்கு. பிளாஷ் அடித்தால் அந்த ஒளிர்வு செத்துப்போகும், ஊற்றுபவரின் கண்ணும் கூசும்.

வார்ப்பு மட்டுமே படம் என்று நினைத்து அன்றைக்கு மட்டும் போகாதீர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்த மெழுகில் விரல் செதுக்கும் நாள், அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசும் நாள், இரண்டும் நிதானமாக எடுக்கக் கிடைப்பவை. ஊற்றுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் முன்பே பூட்டி வையுங்கள். மண்ணில் புதைத்த அச்சின் வாயில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/250. நிறச் சாயலைச் சரிசெய்யும் வொய்ட் பேலன்ஸை வெயில் குறியில் வையுங்கள். ஆட்டோ விட்டால் நெருப்பின் செம்மையைக் குறைத்துவிடும். மூன்று மீட்டருக்குள் போகவேண்டாம். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் சிதறித் தெறிக்கும். பாலியஸ்டர் சட்டை உடம்போடு ஒட்டும், பருத்தியே போடுங்கள், காலில் செருப்பு போதாது, ஷூ.

அறுவடையை எடுத்துவிட்டு வந்ததிலிருந்து வானத்தில் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி. – வாசகி, திருவாரூர்

படம் பதியும் சென்ஸாரில் தூசி. எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுத்தால் எத்தனை புள்ளி என்று தெரியும், எஃப் 5.6-இல் மறைந்துவிடும். மெனுவில் சென்ஸார் கிளீனிங் ஓட்டுங்கள். போகாவிட்டால் மிரரைத் தூக்கி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் புளோயரால் நாலைந்து முறை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஒட்டும், பிறகு சர்வீஸ்தான். அறுவடை இயந்திரம் ஓடும் வயலில் நெல் சுணையும் உமித்தூளும் புகைபோல் பறக்கும். அங்கே லென்ஸ் மாற்றவே வேண்டாம். ஒரே லென்ஸோடு போய், அதோடு திரும்புங்கள்.

தரங்கம்பாடியில் சூரியோதயம் எடுத்தபின் ஃபில்டர் முழுக்கப் பிசுபிசுப்பு. துடைத்தால் கீறல் விழுகிறது. – வாசகர், மயிலாடுதுறை

கடல் உப்பு காய்ந்து படிகமாகியிருக்கிறது. உலர்ந்த துணியால் தேய்த்தால் அது உப்புக்காகிதம் போலத்தான் வேலை செய்யும். ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபரால் ஒற்றுங்கள். கேமரா உடம்பை நல்ல தண்ணீரில் நனைத்து முறுக்கிப் பிழிந்த துணியால் துடையுங்கள், பட்டன் இடுக்கு உட்பட. அதே நாளில் செய்யவேண்டும், மறுநாள் அல்ல.

கார்டில் இருந்த பூம்புகார்க் கடற்கரைப் படங்களைத் தவறி அழித்துவிட்டேன். – வாசகர், சீர்காழி

அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள். அழித்தபோது போனது அட்டவணை மட்டும், படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மேலே புதிது எழுதினால்தான் போகும். கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் வழியாகக் கம்ப்யூட்டரில் போட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். பெயர்கள் எண்களாக வரும், தேதிவாரியாக நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாம் கிடைத்தபின் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் அல்ல.